தொடங்கும் துணிவு

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் மேசை இழுப்பறை ஒன்று இருக்கும். பாதி நிரப்பிய விண்ணப்பம் ஒன்று. ஊரிலுள்ள பாகப் பத்திரத்தின் நகல் ஒன்று. இந்தியோ வங்காளியோ மராத்தியோ கற்பதற்கென வாங்கி, முதல் பாடத்தோடு நின்றுவிட்ட புத்தகம் ஒன்று. எழுத நினைத்து எழுதாமற்போன கடிதத்திற்கான உறை ஒன்று. இவையெல்லாம் அதனுள் அமைதியாக உறங்கிக்கொண்டிருக்கும். இவற்றை நாம் கைவிட்டுவிட்டோம் என்றும் சொல்வதற்கில்லை. செய்து வருகிறோம் என்றும் சொல்வதற்கில்லை. ‘பார்ப்போம்’ என்ற ஒரு சொல்லின் நிழலில் அவை ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன.

தயக்கம் என்பது எல்லா மனிதருக்கும் பொதுவானதே. ஆயினும், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அது சற்றுக் கூடுதலாகவே வாய்த்திருக்கிறது. ‘இந்த மாற்றல் உத்தரவு வந்துவிடட்டும்’, ‘ஊருக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம்’, ‘இது என்ன, நமது நிரந்தர வீடா?’ என்று சொல்லிச் சொல்லியே பத்து ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவனுக்கு எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்பதே பெரும் சிக்கலாகிவிடுகிறது அன்றோ?

இந்தத் தயக்கத்தை வெல்லுவது எப்படி என்பதைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். இதற்கு விளையாட்டுக் களமே தக்க பள்ளிக்கூடம் என்பது நமது எண்ணம். ஏனெனில், களத்தில் காலம் அளந்து கொடுக்கப்படுகிறது. தயங்குபவனுக்கு வரும் இழப்பும் அங்கே உடனே கண்ணுக்குத் தெரிகிறது. வாழ்க்கையிலோ அந்த இழப்பு மெல்ல மெல்ல வருவதால் நாம் அதை அறிவதே இல்லை.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அந்தப் பழக்கம் விடுவதில்லை. தமிழில் ‘முடிவு’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தீர்மானம் என்பது ஒன்று. இறுதி என்பது மற்றொன்று. ‘முடிவு எடுத்தாயிற்று’ என்று சொல்லும்போதே வேலையும் முடிந்துவிட்டதைப் போன்ற ஒரு மயக்கம் நமக்கு உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பழந்தமிழிலோ இதே கருத்திற்குத் ‘துணிவு’ என்ற சொல்லும் வழங்கியது. ஆராய்ந்து தெளிந்த தீர்மானமும் துணிவுதான், அஞ்சாமையும் துணிவுதான். வள்ளுவர், தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரத்தையும், வினைசெயல்வகை என்று மற்றோர் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்திருக்கிறார். எண்ணிப் பார்ப்பது ஒரு கலை. எண்ணியதைத் தொடங்குவது வேறொரு கலை. முதலாவதில் நாம் யாவரும் தேர்ந்தவர்கள். இரண்டாவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இனிக் களத்திற்குச் செல்வோம்.

நமது நாட்டு விளையாட்டாகிய கபடியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சடுகுடு என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும், மகாராஷ்டிரத்தில் ஹுதுது என்றும் வழங்கி வந்த ஆட்டம் இது. ஆகவே, நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் அண்டை வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ளது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில், எதிரணியின் பகுதிக்குள் ஒரு கோடு போடப்பட்டிருக்கும். பாடிச் செல்பவர் யாரையேனும் தொட வேண்டும். தொட இயலாவிடினும், அந்தக் கோட்டையாவது ஒரு முறை தாண்டித் திரும்ப வேண்டும். இரண்டும் செய்யாமல் திரும்பினால் அவர் ஆட்டமிழந்தவராவார். இத்தனைக்கும் அவருக்குக் கிடைக்கும் நேரம் 30 வினாடிகளே.

இந்த விதியின் நுட்பத்தைக் கவனியுங்கள். ‘நீ வென்றே தீர வேண்டும்’ என்று விதி கட்டளையிடவில்லை. ஒருவரையும் தொடாமல், கோட்டை மட்டும் தாண்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தால் அதில் இழிவில்லை. அடுத்த முறை முயலலாம். நடுக்கோட்டருகே நின்றுகொண்டே ‘கபடி, கபடி’ என்று மூச்சைச் செலவழித்துவிட்டுத் திரும்புவதைத்தான் ஆட்டம் மன்னிப்பதில்லை. 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய புரோ கபடிப் போட்டிகளில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஓர் அணி அடுத்தடுத்து இரு முறை வெறுங்கையுடன் திரும்பிவிட்டால், மூன்றாம் முறை பாடிச் செல்பவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் அவர் வெளியேற வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் காலத்தைக் கடத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதே இதன் கருத்து.

நமது இழுப்பறை அலுவல்களுக்கும் இத்தகைய கோடு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். புதிய மொழியைக் கற்க வேண்டும் என்பது பெரிய குறிக்கோள்; அதை நினைத்தாலே மலைப்பு உண்டாகும். இன்று கறிகாய்க் கடையில் ஒரே ஒரு வாக்கியத்தை அந்த மொழியில் பேசிவிட்டு வருவது என்பது கோடு. கடைக்காரர் சிரிக்கலாம். சிரித்தால் என்ன? கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டோம். ஆட்டம் நம் கையில் இருக்கிறது.

அடுத்தது கிரிக்கெட். பந்தை அடித்துவிட்டு ஓடலாமா, வேண்டாமா என்று மட்டையாளர் இருவரும் கண நேரத்தில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இதற்காக ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் சொற்கள் மூன்றே. வா, வேண்டாம், பொறு. யார் சொல்லுவது என்பதிலும் ஒழுங்கு உண்டு. பந்து முன்புறம் சென்றால் அடித்தவர் சொல்லுவார். அவருடைய முதுகுக்குப் பின்னே சென்றால் எதிர்முனையில் நிற்பவர் சொல்லுவார். அதாவது, பந்தை நன்றாகப் பார்க்க வல்லவர் எவரோ அவருக்கே சொல்லும் உரிமை. மற்றவர் அதை நம்பி ஓட வேண்டும்.

ஓடும்போது ஆட்டமிழந்தவர்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ஓடத் தொடங்கிப் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தவர்கள் அவர்களுள் பலர். ‘வா’ என்பதும் ஒரு வகையில் சரி. ‘வேண்டாம்’ என்பதும் ஒரு வகையில் சரி. ‘வா... வேண்டாம்... வா’ என்பதுதான் இருவரையும் நடுவழியில் நிறுத்துகிறது. குடும்பங்களிலும் இதுவே நடக்கிறது. இங்கேயே வீடு வாங்குவதா, ஊரில் கட்டுவதா என்ற பேச்சு ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் எழுந்து, விடுமுறையோடு அடங்கிவிடுகிறது. கணவர் மனத்தில் ஒன்று, மனைவி மனத்தில் ஒன்று. இருவரும் தெளிவான ஒரு சொல்லைச் சொல்லிக்கொள்வதில்லை. ‘மூன்று ஆண்டுகளுக்கு வேண்டாம்; அதன்பின் மீண்டும் பேசுவோம்’ என்று சொல்லிவிட்டாலும் போதும். அதுவும் ஒரு தீர்மானமே. ‘பொறு’ என்ற சொல்லும் அந்த மூன்றினுள் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, சதுரங்கம். உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் அவசரம் ஏது என்று கேட்கலாம். ஆனால், சதுரங்க வீரரின் பக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்ற போட்டியில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடங்கள் அளிக்கப்பட்டன. சராசரி ஒரு நகர்த்தலுக்கு 3 நிமிடங்கள். ஒரு நகர்த்தலைப் பற்றி அரை மணி நேரம் சிந்திக்கத் தடை ஏதும் இல்லை. ஆனால், அந்த அரை மணியைப் பின்னால் வரும் நகர்த்தல்களிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டும். எல்லா வழிகளையும் எண்ணி முடித்தவர் எவரும் இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? பலகையைப் பார்த்து, தகுதியுள்ள இரண்டு மூன்று நகர்த்தல்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். அவற்றை ஆராய்கிறார். ஒன்றைத் தேர்ந்து ஆடிவிடுகிறார்.

விசுவநாதன் ஆனந்த் அவர்கள் சிறு வயதில் சென்னையில் தால் சதுரங்கக் கழகத்தில் ஆடிப் பழகியவர். அங்கே மின்னல் வேக ஆட்டங்களில் வென்றவர் மேசையிலேயே அமர்ந்திருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். விரைந்து ஆடவும், தோற்றால் முகம் சுளிக்காமல் மீண்டும் வரிசையில் நிற்கவும் அந்த மேசை கற்பித்தது. அவரே 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் உலகச் சாம்பியனும் ஆனார். நமக்கு இதிலுள்ள பாடம் எளியது. சிந்திப்பதற்கும் ஒரு கால வரையறை வேண்டும். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதற்குப் பதினைந்து நாள். துறைத் தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதற்கு ஒரு வாரம். பதினான்கு வழிகளை அல்ல, மூன்று வழிகளை மட்டும் தாளில் எழுதி ஆராய்ந்தால் போதும்.

இவ்வளவும் சொன்னபின், அவசரமே வெற்றி என்று யாரும் கொண்டுவிடலாகாது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற மூத்தோர் சொல்லைக் களமும் ஒப்புக்கொள்கிறது. ஓட்டப் பந்தயத்தில், துப்பாக்கி ஒலித்து ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு கழியுமுன் ஒருவர் புறப்பட்டால், அது ஒலியைக் கேட்டுப் புறப்பட்டது அன்று, ஊகித்துப் புறப்பட்டது என்று கொள்ளப்படுகிறது. 2010 முதல், அவ்வாறு ஒரே முறை தவறினாலும் ஓட்டக்காரர் நீக்கப்படுகிறார். 2011-ஆம் ஆண்டில் தென் கொரியாவின் டேகு நகரில் நடந்த உலகப் போட்டியில், 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் உசேன் போல்ட்டே இவ்விதியின்படி வெளியேற நேர்ந்தது. அதே போல்ட், 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தின் இறுதியில், ஒலி கேட்டு 0.165 வினாடி கழித்தே புறப்பட்டார். எட்டுப் பேரில் அவருடைய புறப்பாடு ஏழாவது. ஆயினும் 9.69 வினாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். பிந்தித் தொடங்கியவனும் வெல்லலாம்; தொடங்காதவன்தான் வெல்ல முடியாது.

காற்பந்தாட்டத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. பெனால்டி உதைகள் 286-ஐ ஆராய்ந்து இஸ்ரேல் நாட்டு அறிஞர் சிலர் 2007-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலக்குக் காவலர்கள் 100-க்கு 93 முறைக்கு மேல் இடப்புறமோ வலப்புறமோ பாய்ந்தனர். ஆனால், நடுவில் அசையாமல் நின்றிருந்தால் பந்தைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது கணக்கில் தெரிந்தது. சும்மா நின்றான் என்ற பழிக்கு அஞ்சியே காவலர் பாய்கிறார் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, நிற்பதும் சில வேளைகளில் நல்ல ஆட்டமே. நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். ‘நான் ஆராய்ந்து தெளிந்து நிற்கிறேனா? அல்லது, எதையும் தெளிய மனமில்லாமல் நிற்கிறேனா?’ முன்னது பொறுமை. பின்னது தயக்கம்.

தொடங்குவதற்கு எல்லா வசதியும் கூடிவர வேண்டும் என்று காத்திருப்பது மற்றொரு தடை. தில்லியில் வாழும் அன்பர்கள் இந்தியா கேட்டுக்கு அருகேயுள்ள தேசிய விளையாட்டரங்கை அறிவார்கள். முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கேதான் நடைபெற்றன. 1950 பிப்ரவரியில் நடப்பதாக இருந்தது. ஏற்பாடுகள் நிறைவுறாமல் தள்ளிப்போயிற்று. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளும் நிறையாத நாடு. பிரிவினையின் புண் ஆறாத தலைநகரம். ‘நாடு நிலைபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. அவ்வாறு சொல்லாமல், இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள். பதினொரு நாடுகள் வந்தன. அன்று தொடங்கிய போட்டி இன்றளவும் தொடர்கிறது.

அந்த அரங்கு இன்று ஹாக்கி வீரர் மேஜர் தியான் சந்த் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. படையில் சிப்பாயாகச் சேர்ந்த அவர், பகற்பொழுது பணியில் கழிந்துவிட்டதால், நிலவு எழுந்தபின் அந்த ஒளியில் பயிற்சி செய்வார் என்று சொல்வதுண்டு. நேரமில்லை என்று சொல்லும் நாம் சற்று அண்ணாந்து பார்த்தால் நிலவு தெரியும்.

ஒரு முறை தோற்றவர் மறுமுறை தொடங்குவதற்கு இன்னும் மிகுதியான துணிவு வேண்டும். 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 வினாடியில் ஓடினார். அவருக்கு முன் வந்தவர் எடுத்துக்கொண்டது 55.41 வினாடி. ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கால் வெண்கலப் பதக்கம் கைநழுவியது. கண் இமைப்பதற்குள் ஒரு வாழ்நாள் வாய்ப்புப் போயிற்றே என்று அவர் அமர்ந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1986-இல், சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றுத் திரும்பினார்.

பிறருக்கு அறிவுரை சொல்லும் நாங்கள் மட்டும் இதில் தேறியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் வீட்டு இழுப்பறையைப் பற்றியும் சொல்லிவிடுவதே முறை.

எங்கள் மகள் தில்லியில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணத் தொடங்கியது அவளுக்கு நான்கு வயது ஆனபோது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் நிலைப்படட்டும் என்று ஓர் ஆண்டு. நல்ல அரிச்சுவடி எது என்ற ஆராய்ச்சியில் ஓர் ஆண்டு. வகைப்படக் கற்பிக்கும் ஆசிரியர் கிடைக்கட்டும் என்று ஈராண்டு. பகலெல்லாம் தமிழை எழுதிப் பிழைப்பவர்கள் வீட்டில் இப்படி நான்கு ஆண்டுகள் சென்றன. ஊரில் இருந்த எங்கள் தாயாருக்குக் காது மந்தம். தொலைபேசியில் பேசினால் கேட்காது. ஆகவே, மாதந்தோறும் உள்நாட்டுக் கடிதம் எழுதுவார். மடிப்பின் கடைசியில், பேத்திக்கென்று நாலு வரி தனியே இருக்கும். அதை நாங்கள் வாசித்துக் காட்டுவோம். ஒரு நாள் அவள், “அப்பா, பாட்டி எனக்குத்தானே எழுதியிருக்கிறார்? நீங்கள் ஏன் முதலில் படிக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

அன்றிரவே தொடங்கினோம். அரிச்சுவடியைத் தேடவில்லை. பாட்டியின் கடிதக் கட்டே அரிச்சுவடியாயிற்று. உணவுக்குப்பின் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே எழுத்து. அந்த எழுத்து கடிதத்தில் எங்கெங்கே வருகிறது என்று அவள் பென்சிலால் வட்டமிடுவாள். ஏழு மாதங்களில் தானே ஒரு கடிதம் எழுதினாள். ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன, திருத்தாமலே அனுப்பினோம். பத்து நாளில் அவள் பெயருக்கே விடை வந்தது. அதை அவள் யாரிடமும் கொடுக்காமல், கதவருகே நின்று, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள். அவள் பெயருக்கு வந்த கடிதம் அந்த ஒன்றுதான். அந்த மார்கழியில் எங்கள் தாயார் காலமானார்.

ஏழு மாதம் போதுமானதாக இருந்த வேலைக்கு முன்னால் நான்கு ஆண்டுகளை வைத்தவர்கள் நாங்கள். அந்த நான்கு ஆண்டுகளில் எத்தனை கடிதங்கள் வந்து போயிருக்கும் என்று இப்போது கணக்கிடுவதால் பயனில்லை. வரவேண்டிய ஒரு கடிதமாவது வந்தது என்பதே ஆறுதல்.

அன்பர்களே, சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்வோம். ஆராய்ச்சிக்கு ஒரு நாள் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று வழிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தை நன்கு பார்ப்பவர் எவரோ அவர் சொல்ல, ஒரே சொல்லில் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பிறகு, இன்றே தாண்டக்கூடிய சிறு கோடு ஒன்றைப் போட்டு, அதைத் தாண்டிவிட வேண்டும். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பதற்கு நாணக் கூடாது.

இந்தப் பக்கங்களைப் படித்து முடித்ததும் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் இன்றே செய்து முடிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் வெளியே எடுத்து மேசைமேல் வையுங்கள். பேனாவின் மூடியைத் திறவுங்கள். பாடிச் செல்லும் மூச்சு முப்பது வினாடிதான். கோடோ நான்கே எட்டில் இருக்கிறது.